பன்னிரண்டு எழுத்துக்குள்

வியாழன் இரவு ஒன்பது மணி.
ஷார்ஜா ரோலாவில், சலூனுக்கும் சிம்கார்டு கடைக்கும் நடுவில்
ஆறடி அகலம் எங்கள் டைப்பிங் சென்டர்.
விசா, வாடகை ஒப்பந்தம், போலீசுக்கு ஒரு மனு,
எதுவானாலும் பதினைந்து திர்ஹாம்.
இந்த வாரம் ஒன்று மட்டும் இலவசம்:
நிலவுக்குப் போகிற கலத்துக்குப்
பெயர் வைக்க ஓட்டு.

யார் வேண்டுமானாலும் போடலாமாம்.
குடிமகனாக இருக்கத் தேவையில்லை,
அட்டை எண் இருந்தால் போதும்.
அந்த வரியை முனீர் பாய்
இரண்டாம் முறை படிக்கச் சொன்னார்.
இருபத்தாறு வருடமாக டாக்ஸி ஓட்டுகிறார்.
எங்கே போகணும் என்று
கேட்பவர் அவர்தான் எப்போதும்.

திரையில் நான்கு பெயர்கள்.
வல்லூறு. முத்து. பேரீச்சங்கன்று. வாடைக்காற்று.

வல்லூறு வேண்டாம்,
பாதி லாரிகளின் கதவில் அதுதான் பறக்கிறது
என்றார் முனீர் பாய்.
முத்து, என்றான் சலூன் பையன் ரொபியுல்,
விரலில் நுரை காயாமல்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே போய் எடுத்தது,
ஒருமுறை மேலே போகட்டுமே.
கன்று சரி, தண்ணீர் யார் விடுவது?
என்று ஒருவர் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.
தோட்டக் கம்பெனிக்காரர், நிஜமாகவே கேட்டார்.

நான் தட்டிக்கொண்டிருந்தேன்.
பெயர்களில்தான் என் பிழைப்பு.
நம் ப-வுக்குள் இரண்டு சத்தம்,
அரபியில் ஒன்றுதான் பிழைக்கும்.
ழ வந்தால் விரல் ஒரு நொடி தயங்கி
லாம் மேல் விழும்.
வே வந்தால் ஃபா.

சஜாவில் கிரேனுக்குக் கொக்கி மாட்டுகிற
குழந்தைவேல் அப்படித்தான்
ஆறு வருடம் முன்பு, என் கையால்,
குலந்தை ஃபீல் ஆனார்.
ஃபா, யா, லாம்.
அரபியில் அது யானை.
வேறு எப்படி எழுதுவதென்று
இன்றும் எனக்குத் தெரியாது.
கவுண்டரில் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள்.
கேம்பில் அன்றிலிருந்து அவர் யானை.
எடை ஐம்பத்திரண்டு கிலோ.

வரிசையில் கடைசியாக வந்தார்.
"மற்றவைன்னு ஒரு கட்டம் இருக்கே,
அதுல ஃபீல்னு போடுங்க.
படத்துல பாத்தேன், நாலு கால் அதுக்கு.
மெதுவா மண்டிபோட்டு எறங்குமாம்.
அப்புறம் என்ன பேருங்க வைக்கிறது?"

போட்டேன். சிவப்பில் ஒரு வரி வந்தது:
உயிரோடிருப்பவர் பெயர் ஏற்கப்படாது.
பக்கத்தில் உறுதிமொழிக்கு ஒரு கட்டம்.
நான் அவரைப் பார்த்தேன்.
"அது என் பேரு இல்லையே," என்றார்.
"உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும்.
டிக் செய்தேன்.

ஓட்டுப் போடுபவர் பெயர் கேட்டது,
ஆங்கிலத்தில், பன்னிரண்டு எழுத்துக்குள்.
என் பெயரை அது மங்கையர்க்க வரை வாங்கிக்கொண்டு
அரசியை வெளியே நிறுத்திவிட்டது.
முனீர் பாயிடம் தாத்தா பெயரும் கேட்டுவிட்டு
இடமில்லை என்றது.
குழந்தைவேல் மட்டும்,
ழ-வுக்கு இரண்டு எழுத்து தாராளமாகச் செலவழித்தும்,
சரியாகப் பன்னிரண்டு.
விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்,
திரையில் கிரீஸ் ரேகை.

மூன்று வாரம் கழித்து முடிவு.
முத்து, அறுபத்தொரு சதவீதம்.
மற்றவை எல்லாம் சேர்த்து
பூஜ்யம் புள்ளி இரண்டு.

விசா புதுப்பிக்க வந்தவரிடம் சொன்னேன்.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
ஃபேன் காற்றில் அவருடைய போட்டோ காப்பி
மேஜை விளிம்புவரை நகர்ந்தது. கைவைத்து நிறுத்தினார்.

"உயிரோட இருக்கிறவன் பேரு
வைக்க மாட்டோம்னுதானே சொன்னாங்க?
எங்க ரூம்லயே ரெண்டு முத்து இருக்கானுங்க.
ஒருத்தன் இப்ப நைட் ஷிப்ட்டுக்குக் கிளம்பிட்டு இருப்பான்.
போய்ச் சொல்றேன்."

சிரித்துக்கொண்டே பதினைந்து திர்ஹாம் எடுத்து வைத்தார்.
பெயரில் ஏதாவது மாற்றணுமா என்று கேட்டேன்.
அதற்குத் தனிக் கட்டணம், அவருக்குத் தெரியும்.

"இருக்கட்டுங்க."

ஃபா.
யா.
லாம்.